மலிவு விமான சேவைகளில் விமானியின் உழைப்பு: வேலைநேரமும் வெளியேற்றமும் பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினையின் தோற்றம்

விமானி ஒரு தொழிலாளியா என்னும் வினா முதலிற் கேட்போர்க்கு வேடிக்கையாகத் தோன்றுதல் கூடும். கொழுந்து பறிக்கும் பெண்ணையும் இறப்பர்ப் பால் வெட்டும் ஆணையும் தொழிலாளர் எனக் கொள்வதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், தோளிற் பொற்பட்டி துலங்கும் சீருடை அணிந்து, சாதாரண உழைப்பாளி கனவிலும் காணாத வேதனம் பெறும் ஒருவரை அதே சொல்லாற் சுட்டுவதற்கு நாம் தயங்குகின்றோம். இத்தயக்கம் எங்கிருந்து வருகின்றது என்பதும், அது யாருக்குப் பயன்படுகின்றது என்பதும் ஆராயத்தக்கன.

2025 டிசெம்பர் முதல் வாரத்தில் இந்தியாவின் மிகப் பெரிய மலிவு விமான சேவையான இண்டிகோ நிலைகுலைந்தது. அம்மாதம் 3ஆம் திகதி முதல் 5ஆம் திகதி வரையான மூன்று நாட்களில் மட்டும் 2,507 பறப்புகள் இரத்தாயின. 1,852 பறப்புகள் தாமதமாயின. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். இத்துணைப் பெரிய குழப்பத்துக்குப் புயலையோ போரையோ காரணங்காட்ட முடியாது. விமானிகள் போதிய அளவு உறங்க வேண்டும் என்று கூறும் விதியொன்று நடைமுறைக்கு வந்திருந்தது; அவ்விதிப்படி பறப்பதற்கு வேண்டிய விமானிகள் நிறுவனத்திடம் இருக்கவில்லை.

மாவனல்லையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டப்புறங்களிலும் நின்றுகொண்டு இவ்விடயத்தை நோக்குவதற்கு நமக்கு இரு காரணங்கள் உள. கண்டி–கொழும்பு வீதியால் கட்டுநாயக்காவை நோக்கிச் செல்லும் வாகனங்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிப் போகும் நம்மவர் பலர் உளர். மலிவு விமானத்தின் இருக்கைகளை நிரப்புவோருள் இவர்களும் அடங்குவர். இரண்டாவது காரணம் வரலாற்று நோக்கில் முக்கியமானது. உழைப்பாளி தான் விரும்பியபோது வேலையை விட்டு நீங்கும் உரிமை எத்தகையது என்பதை இந்நாட்டிற் பிற பகுதியினரைக் காட்டிலும் தோட்டத் தொழிலாளரின் வரலாறே துலக்கமாக உணர்த்துகின்றது. அவ்வரலாற்றின் ஒளியில் விமானியின் நிலையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மலிவின் பொருளாதாரம்

மலிவு விமான சேவை என்பது செலவை ஒழுங்கமைக்கும் ஒரு குறிப்பிட்ட முறையின் பெயராகும். 1971இல் ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ற் நிறுவனம் இம்முறைக்கு முன்மாதிரியாயிற்று. ஐரோப்பாவில் றயன்எயர் அதனைப் பின்பற்றியது. வளைகுடாவில் எயர் அரேபியாவும் இந்தியாவில் எயர் டெக்கானும் 2003இற் சேவையைத் தொடங்கின. இண்டிகோ 2006இற் பறக்கத் தொடங்கியது. இலங்கை அரசும் 2007இல் மிகின் லங்காவைப் பறக்கவிட்டு, 2016இல் அதனைச் சிறிலங்கன் விமான சேவையுடன் இணைத்துக்கொண்டது.

இம்முறையின் அடிப்படைகள் சிலவே. பெரும்பாலும் ஒரே வகை விமானத்தை வைத்திருத்தல்; உணவு முதலியவற்றைத் தனியே விற்றல்; ஒரு விமானம் தரையிறங்கி அரைமணி நேரத்துக்குள் மீண்டும் புறப்படச் செய்தல்; அதிகாலை முதல் நள்ளிரவு கடந்தும் அதனைப் பறக்கவிடுதல். எரிபொருளின் விலையை எண்ணெய்ச் சந்தை தீர்மானிக்கின்றது. விமானத்தின் வாடகையைக் குத்தகை நிறுவனங்களும், தரிப்புக் கட்டணத்தை விமான நிலையங்களும் விதிக்கின்றன. இவற்றில் எந்த நிறுவனமும் மற்றதைவிட நெடுங்காலம் மலிவாக இருத்தல் அரிது. எஞ்சியிருப்பன இரண்டு: விமானம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கின்றது என்பதும், அதனைப் பறக்கச் செய்வோர் எத்தனை பேர் என்பதும். மலிவு பிறக்கும் இடம் இதுவே.

மூலதனத்தின் முதலாம் தொகுதியில் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், இரவு வேலையின் காரணத்தை மார்க்ஸ் விளக்கியிருப்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. உலையும் இயந்திரமும் உழைப்பை உறிஞ்சாது வாளாவிருக்கும் ஒவ்வொரு மணியும் மூலதனத்துக்கு இழப்பாகும். ஆகவே பகலைக் கடந்து இரவுக்குள்ளும் வேலைநாளை நீட்டும் உந்துதல் அதன் இயல்பிலேயே உள்ளது என்பது அவரது விளக்கம். இங்கிலாந்தின் உருக்காலைகளைப் பற்றிச் சொல்லப்பட்ட இது, மாதவாடகைக்குப் பெற்ற விமானத்துக்கும் அப்படியே பொருந்துகின்றது. உலைக்கு உறக்கம் வேண்டியதில்லை. உலையருகே நிற்பவனுக்கு வேண்டும். விமானத்துக்கும் விமானிக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

3. எண்ணப்படும் மணியும் எண்ணப்படாத மணியும்

ஒரு விமானி ஆண்டில் 1,000 மணி நேரத்துக்கு மேற் பறத்தலாகாது என்பது பல நாடுகளிலும் உள்ள வரம்பு. இவ்வெண்ணை 52 வாரங்களாற் பிரித்தால் வாரத்துக்கு 20 மணி நேரங்கூட வராது. இதனைக் காட்டி, விமானிகள் சொகுசாக வாழ்பவர்கள் என்று வாதிடுவோர் உளர். ஆனால், இங்கு எண்ணப்படுவது விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரும் கணம் முதல் மீண்டும் தரித்து நிற்கும் கணம் வரையுள்ள நேரம் மட்டுமே. பறப்புக்கு முன் வானிலையையும் எரிபொருளையும் ஆராயும் நேரம், இரு பறப்புகளுக்கிடையே தரையிற் காத்திருக்கும் நேரம், அழைப்பு வருமெனத் தயார்நிலையில் இருக்கும் நேரம், வேற்றூர் விடுதியிற் கழியும் நேரம் ஆகியன இக்கணக்கில் அடங்கா.

வேதனமும் இதனையொட்டியே அமைகின்றது. உறுதிப்படுத்தப்பட்ட குறைந்தளவு மணிகளுக்கு ஒரு தொகையும், அதற்கு மேற் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையும் வழங்கும் முறை இந்தியாவிற் பரவலாக உள்ளது. மலிவுச் சேவையல்லாத விஸ்தாரா நிறுவனம், எயர் இந்தியாவுடன் இணைவதை முன்னிட்டு, உறுதிப்படுத்தப்பட்ட மணிகளை 70இலிருந்து 40ஆகக் குறைத்தபோது, 2024 ஏப்ரிலில் விமானிகள் பலர் வேலைக்கு வராமையாற் பறப்புகள் இரத்தாயின. மேலதிக மணி பறந்தாலன்றிக் குடும்பச் செலவும் பயிற்சிக் கடனும் தீரா என்னும் நிலையில், களைப்படைந்த விமானியும் 'பறக்கின்றேன்' என்றே கூறுவார்.

தோட்டத்து வழக்கை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பெரட்டுக்களத்துக்கு வந்து நிற்பது வேலையாகாது. மலைக்கு ஏறுவது வேலையாகாது. குறித்த இறாத்தல் நிறைந்தால் 'பேர்' விழும், குறைந்தால் 'அரைப்பேர்' விழும். மழை பெய்து பால் வெட்ட இயலாத நாளில் இறப்பர்த் தொழிலாளியின் உழைப்பு நேரம் கணக்கின்றிப் போகும். இரு தொழில்களின் வருவாயையும் ஒப்பிடுவது அபத்தமாகும். ஆயினும், உழைப்பாளியின் நாளில் எப்பகுதியை எண்ணுவது, எப்பகுதியை எண்ணாது விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் செக்றோல் புத்தகத்தை வைத்திருப்பவரிடம் உள்ளது என்பது இரண்டுக்கும் பொதுவாகும்.

எண்ணப்படாத நேரத்தையும் உடல் எண்ணிக்கொள்கின்றது. மனித உடலின் விழிப்புநிலை பின்னிரவு 2 மணி முதற் காலை 6 மணி வரை மிகத் தாழ்ந்திருக்கும் என்பது துயிலியல் ஆய்வுகள் நிறுவிய உண்மை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் திறனுக்கு ஒப்பாகக் குறைகின்றது என 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மது அருந்திய விமானியை எந்த நிறுவனமும் விமானத்துள் விடாது. உறங்காத விமானியைப் பற்றி அவ்வளவு கண்டிப்பு இல்லை.

4. ஓய்வு விதியும் அதன் பின்வாங்கலும்

வேலைநேர வரம்பு எங்கும் தானாக வந்ததில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1931இல் விமானிகள் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தனர். 1934இல் மாதத்துக்கு 85 மணி நேரம் என்ற வரம்பு அச்சங்கத்தின் முயற்சியாற் கிடைத்தது. அதன் பின்னரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் உயிர்கள் விலையாயின. 2009 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்தின் பவலோ நகருக்கு அருகே பிராந்தியச் சேவையான கோல்கன் எயர் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி முதல்நாள் இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பிற விமானங்களில் வந்து வேலையை ஏற்றவர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அவ்விபத்து எழுப்பிய விவாதத்தின் பயனாகவே 2011இற் புதிய ஓய்வு விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆயினும், சரக்கு விமானங்கள் அவற்றிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றுக்கு விதியை விரிப்பதால் வரும் செலவு பயனைவிட அதிகம் என்பது சொல்லப்பட்ட நியாயம்.

இந்தியாவிலும் இதே முரண்பாடு வேறு வடிவில் வெளிப்பட்டது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்திய விதிகளை வெளியிட்டது. வாராந்த ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. இரவு என்பது நள்ளிரவு முதற் காலை 6 மணி வரை என விரிக்கப்பட்டது. இரவிலான தரையிறக்கங்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் நடைமுறைக்கு வரவேண்டிய இவ்விதிகள் நிறுவனங்களின் எதிர்ப்பினாற் பின்போடப்பட்டன. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே, 2025 ஜூலை, நவெம்பர் என இரு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன.

விதி வெளியானதற்கும் முழுமையாக நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பது நோக்கற்பாலது. அக்காலத்தில் விமானிகளைச் சேர்த்துப் பயிற்றியிருத்தல் இயலும். வேண்டுமென்றே ஆட்குறைவோடு நடத்துவதே நிறுவனத்தின் நெடுநாட் கொள்கை என இந்திய விமானிகள் சம்மேளனம் குற்றஞ்சாட்டியது. பின்னர் தலைமை இயக்குநரகம் நடத்திய விசாரணையும், வளங்களை அளவுக்கு மீறி இறுக்கிப் பயன்படுத்தியமையை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டு, 2026 ஜனவரியில் 22.20 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது.

ஆனால், நெருக்கடி முற்றிய டிசெம்பர் 5ஆம் திகதி அரசு செய்தது யாது? இரவுப் பணி பற்றிய வரம்புகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்களித்தது. வாராந்த ஓய்வுக்குப் பதிலாக விடுமுறையைக் கணக்கிடலாகாது என்னும் பிரிவையும் எல்லா நிறுவனங்களுக்கும் நீக்கியது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தின் விமானங்களிற் செல்லும் நாட்டில், அந்நிறுவனம் நின்றால் நாடே நிற்கும். ஏகபோகத்தின் இவ்வலிமைக்கு முன் விதி வளைந்தது. ஆட்களைச் சேர்க்காத நிறுவனத்தின் குறையை விமானியின் உறக்கத்தைக்கொண்டு நிரப்புமாறு அரசே அனுமதித்தது எனலாம்.

5. வெளியேற்றமும் துண்டும்

உள்ளிருந்து வேலைநிலையைத் திருத்த இயலாத உழைப்பாளி வெளியேறுகின்றார். மலிவுச் சேவைகளில் விமானிகள் அடிக்கடி மாறுவதை நிருவாகவியலார் 'விசுவாசக் குறைவு' என விளக்குவர். நமது நோக்கில் அது ஒழுங்கமைக்கப்படாத போராட்டத்தின் ஒரு வடிவம். றயன்எயர் 2017 செப்டெம்பரில் ஏறத்தாழ 2,000 பறப்புகளையும், தொடர்ந்து வந்த குளிர்காலத்துக்கு மேலும் 18,000 பறப்புகளையும் கைவிட நேர்ந்தது. விடுமுறைக் கணக்கின் குளறுபடி என நிறுவனம் கூறியது. விமானிகள் பிற நிறுவனங்களுக்குச் சென்றமையும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதுவரை தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்த அந்நிறுவனம், வேலைநிறுத்த அச்சத்தால் அவ்வாண்டு டிசெம்பரில் முதன்முறையாக அங்கீகாரத்துக்கு உடன்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துச் சிறிலங்கன் விமான சேவையிலிருந்தும் விமானிகள் பலர் அந்நிய நிறுவனங்களுக்குச் சென்றதை நாம் அறிவோம்.

2022இற் சேவையைத் தொடங்கிய இந்தியாவின் அகாசா எயர் நிறுவனத்திலிருந்து அடுத்த ஆண்டில் 43 விமானிகள் முன்னறிவித்தற் காலத்தை நிறைவுசெய்யாது விலகினர். பறப்புகள் நூற்றுக்கணக்கில் இரத்தாயின. நிறுவனம் அவர்களுட் சிலர்மீது நட்டஈடு கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது; தலைமை இயக்குநரகம் தலையிட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றத்தையும் நாடியது. அவ்வழக்கின் மையமாக இருந்த விதி நமது கவனத்துக்குரியது. மலிவுச் சேவைகள் பெருகத் தொடங்கிய 2005இல் விமானிகளுக்கு ஆறு மாத முன்னறிவித்தல் விதிக்கப்பட்டது. 2017இல் அது விமானத் தலைவர்களுக்கு 12 மாதமாக உயர்த்தப்பட்டது. பறப்புகள் இரத்தாகும் வண்ணம் அறிவித்தலின்றி விலகுவது பொதுநலனுக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டது. நிறுவனம் ஆட்சேபமின்மைச் சான்று வழங்கினால் அக்காலம் குறையலாம்.

இச்சான்றைக் கண்டதும் நமக்குத் துண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. இலங்கைத் தோட்டங்களில் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போதே கங்காணி வழங்கிய முற்பணம் கடனாகத் தலையில் ஏறியது. அக்கடனைத் தீர்ப்போரிடம் இக்கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அச்சீட்டோடு கங்காணி தோட்டந்தோட்டமாகச் சென்றார், கடன் வளர்ந்தது, தொழிலாளர் கைமாறினர். ஆட்பற்றாக்குறையினால் துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்ட காலத்தில், கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக வெளியேற்றத்துக்குப் பூட்டுப் போடுவதே அவர்களுக்கு இலாபமாகத் தெரிந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையைத் தடைசெய்தது.

ஒப்புமையின் எல்லைகளையும் வரையறுத்தல் வேண்டும். விமானி சிறைக்கு அஞ்சுவதில்லை; அவர் பிள்ளைகள் அவர் கடனைச் சுமப்பதில்லை; அவரது அரிய திறன் அவருக்குப் பேரம்பேசும் வலிமையைத் தருகின்றது. பயணிகளின் வசதிக்காக ஓரளவு முன்னறிவித்தல் அவசியம் என்பதையும், புதிய விமானியைப் பயிற்றப் பல மாதங்கள் வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும், அமைப்பின் தருக்கம் ஒன்றே. இந்தியாவில் விமானியாவதற்கு இன்று ஒரு கோடி இந்திய ரூபா அளவிற் செலவாகின்றது. அது பெரும்பாலும் கடனாகவே பெறப்படுகின்றது. ஒருகாலத்தில் அரசும் பெரிய நிறுவனங்களும் ஏற்ற பயிற்சிச் செலவு இளைஞனின் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. கடனோடு நுழைதல், எண்ணப்படாத நேரத்தை உழைத்தல், சான்றின்றி நீங்க இயலாமை என்னும் மூன்றும் ஒருங்கே சேரும்போது, சீருடையின் பொற்பட்டி மறைக்கும் உறவு வெளிப்படுகின்றது. சந்தையின் சுதந்திரத்தைப் போற்றும் முதலாளி, உழைப்புச் சந்தையில் அச்சுதந்திரத்தை உழைப்பாளி பயன்படுத்தும்போது அரசின் காவலை நாடுகின்றார்.

6. வீரம் என்னும் கருத்துநிலை

இவ்வுறவு ஏன் எளிதிற் புலனாவதில்லை? இலக்கிய மாணவர் என்ற வகையில் நாம் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது. 1931இல் வெளியான பிரெஞ்சு நாவலான 'இரவுப் பறப்பு' இத்துறையிற் புகழ்பெற்ற படைப்பு. அதன் ஆசிரியர் செந்த்-எக்சுப்பெரி தாமே தென்னமெரிக்காவில் அஞ்சல் விமானச் சேவையிற் பணியாற்றியவர். இரவில் விமானத்தைப் பறக்கவிட்டால்தான் கப்பலையும் புகையிரதத்தையும் வெல்ல முடியும் என்பது அக்கதையின் பொருளாதார அடித்தளம். ஆனால், அது கதைக்குள் கடமை, தியாகம், மனிதனை மீறிய இலட்சியம் என்னும் வடிவங்களை எடுக்கின்றது. போட்டியின் தேவை வீரத்தின் தேவையாக உருமாறுகின்றது. படைப்பின் கலைத்திறன் மெய்யானது. அதனாலேயே அது பரப்பும் கருத்துநிலையும் வலிமையுடையதாயிற்று. களைப்பை ஒப்புக்கொள்ளும் விமானி வீரத்திற் குறைந்தவர் என்ற எண்ணம் இன்றும் தொழிலுக்குள் நிலவுவதற்கு இத்தகைய மரபும் துணைபுரிகின்றது. 'நாங்கள் தொழிலாளரல்லர்' என்று விமானிகள் கருதுவதும் இதன் மறுபக்கமே.

இக்கருத்துநிலையின் விலையைச் செலுத்துவோர் யாவர்? 2010 மே 22ஆம் திகதி துபாயிலிருந்து வந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். எட்டுப் பேரே பிழைத்தனர். துணை விமானி மீண்டும் மேலெழுமாறு கூறியும் தலைமை விமானி இறக்கத்தைக் கைவிடாமை விபத்தின் நேரடிக் காரணம் என விசாரணைமன்றம் கண்டது. அவர் பறப்பின் பெரும்பகுதியில் ஆழ்ந்து உறங்கியிருந்தமையும், விழித்தபின் நீடித்த துயில்மயக்கமும் அவரது தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் எனவும் அது குறிப்பிட்டது. அது இரவுப் பறப்பு; மலிவுச் சேவை; பயணிகளுட் பலர் வளைகுடாவில் உழைத்து விடுமுறைக்கு வீடு திரும்பிய தொழிலாளர். விமானியின் களைப்பும் பயணியின் மலிவுச் சீட்டும் ஒரே கணக்கின் இரு பத்திகள் என்பதை இதைவிடக் கொடுமையாக எதுவும் உணர்த்தாது.

மார்க்ஸ் வேலைநாள் அதிகாரத்தில் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியொன்று இங்கு பொருத்தமானது. பெரும் புகையிரத விபத்தொன்றின் பின் காவலர், இயந்திர ஓட்டுநர், சைகையாளர் ஆகிய மூவர் இலண்டனில் மரண விசாரணை மன்றின் முன் நிற்கின்றனர். முன்னர் எட்டு மணியாக இருந்த தமது வேலை 14, 18, 20 மணியாக நீட்டப்பட்டதையும், ஒரு கட்டத்தில் மூளை சிந்திப்பதையும் கண் காண்பதையும் நிறுத்திவிட்டதையும் அவர்கள் கூறுகின்றனர். குற்றக் கூண்டில் நின்றவர்கள் அவர்களே. நேர அட்டவணையை வகுத்தவர்களல்லர்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுத்துக்கூறலாம். மலிவு விமானக் கட்டணத்தின் ஒரு பகுதி விமானியின் எண்ணப்படாத நேரத்திலிருந்தும் இழந்த உறக்கத்திலிருந்தும் பெறப்படுகின்றது. விமானிகள் அடிக்கடி விலகுவது அந்நிலைக்கு அவர்கள் அளிக்கும் தனித்தனியான விடை. நீண்ட முன்னறிவித்தலும் சான்றும் அவ்விடையைத் தடுக்கும் கருவிகளாகவும் பயன்படுகின்றன. வெளியேற்றத்தைப் பூட்டுவதால் களைப்புத் தீராது. களைத்தவரே மேலும் ஓராண்டு விமானத்தைச் செலுத்துவார்.

தனித்தனி விலகலுக்கும் ஒரு வரம்பு உண்டு. விமானி ஒருவர் நல்ல நிறுவனத்துக்குச் சென்றாலும் அவர் விட்ட இருக்கையில் மற்றொருவர் அமர்வார். 2024 மே மாதத்தில் எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானங்களின் பணியாளர் 200 பேருக்கு மேற்பட்டோர் சுகவீன விடுமுறைப் போராட்டத்தில் இறங்கினர். நிறுவனம் 25 பேரை நீக்கியது. தொழில் ஆணையாளர் முன்னிலையில் நடந்த பேச்சின் பின் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டனர். கூடி நின்றமையாற் கிடைத்த பயன் இது. கடமைநேரம் முழுவதையும் எண்ணும் வேதன முறை, களைப்பை அறிவிப்போர்க்குத் தண்டனையின்மை, ஓய்வு விதியில் நிறுவனத்துக்கேற்ற விலக்கின்மை, பயிற்சிச் செலவில் நிறுவனத்தின் பங்கு என்பன அத்தகைய கூட்டு முயற்சியாலன்றி வரப்போவதில்லை.

இக்கோரிக்கைகள் உயர்வேதனம் பெறும் சிறு குழுவினரின் சொந்த விடயம் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தவறாகும். கட்டுநாயக்காவிலிருந்து பின்னிரவில் எழும் விமானத்தில், முன்னே இருப்பவரின் உறக்கத்திலேயே பின்னே இருக்கும் தோட்டத்துப் பெண்ணின் உயிர் தங்கியுள்ளது. இருவரும் தம் உழைப்பை விற்கப் போகின்றனர். ஒருவர் அதிக விலைக்கு, மற்றவர் குறைந்த விலைக்கு. இவ்வேறுபாட்டை மறைக்காமலும், அதனையே இறுதி உண்மையாகக் கொள்ளாமலும் நோக்கும் பார்வையே இன்று நமக்கு வேண்டுவது. துண்டை ஒழித்த வரலாற்றையுடைய மக்கள், அது வேறு பெயரில் வேறு தொழிலில் வரும்போது அடையாளங்காணக் கடமைப்பட்டவர்கள்.